இடது முன்சக்கரத்துக்கு உடம்பு சரியில்லை

டிரைவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் எந்த மறுப்பும் சொல்லாமல் தரை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்த நேரம். மேட்டில் மூட்டுவலி வைத்தியசாலை, பள்ளத்தில் காய்கறிச் சந்தை, இரண்டுக்கும் நடுவே வளைவே இல்லாத ஒரு சாலை. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கும் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய் விடுகிற நகரசபை வண்டி அது. பின்னால் முழங்கால்காரர்கள், இடுப்புக்காரர்கள், கழுத்தில் பட்டை போட்டவர்கள். முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில், அவருடைய மாமியார்.

மறுபடி மிதித்தார். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த மிதிக்கு லேசாகப் பிடிமானம் கிடைத்தது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, ஒருவழியாக நிறுத்தினார். வண்டியின் மூக்கு ஒரு தக்காளிக் கூடையை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் நின்றது. கடைக்காரர் தராசில் போட எடுத்த தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். இடது முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடையோடு மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாப்ளை, என்னைத் தீத்துக்கட்டணும்னு இருந்தா வீட்டுலயே செஞ்சிருக்கலாம். பின்னாடி இருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"பிரேக் பிடிக்கலை அத்தை."

"நல்லவேளை. என்னைத்தான் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

டிரைவர் இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை உதறினார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிதித்தால் பிடிக்காத பிரேக், இந்த ஒரு சக்கரத்தை மட்டும் மிதிக்காமலே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டது, விட வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட சில மனிதர்களை அவருக்குத் தெரியும். ஒரு வண்டி அப்படி நடந்துகொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நகரசபை வண்டிகளைக் கவனிப்பதற்கென்றே வாகன நலத் துறை என்று ஒன்று இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'வாகனமும் ஓர் ஊழியரே' என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே பிறந்தநாள் உண்டு. அன்றைக்கு அதன் கண்ணாடியில் ஒரு வாழ்த்து அட்டை ஒட்டப்படும். எண்ணெய் மாற்றுவது மட்டும் வழக்கத்தில் இல்லை.

புகார்ச் சாளரத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன?"

"பிரேக் பிடிக்கலை சார்."

"யாருக்கு?"

டிரைவர் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "எனக்குத்தான் சார்."

"வேற?"

"இடது முன்சக்கரம் பிடிச்சிருக்கு."

"அது பிடிச்சிருக்கு. பிரேக்தான் பிடிக்கலை." அவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மாடிக்குப் போங்க. திரை போட்ட ரூம்."

திரை போட்ட அறையில் காகிதப் பூக்களும் கண் துடைக்கும் தாள்களும் இருந்தன. நல ஆலோசகர் அம்மா மிகவும் கனிவானவர். நாற்காலியைக் காட்டிவிட்டு, டிரைவர் உட்கார்ந்த பிறகும் அவரையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து பிடிக்கலை?"

"நேத்துலேர்ந்து மேடம்."

"அதுக்கு முன்னாடி பிடிச்சுதா?"

"ரொம்ப நல்லா பிடிச்சுது."

"அப்ப, நடுவுல ஏதோ நடந்திருக்கு."

"ஒண்ணும் நடக்கலை மேடம். எப்பவும் போல மிதிச்சேன். உள்ள போயிடுச்சு."

ஆலோசகரின் பேனா நின்றது. "மிதிச்சீங்களா?"

"ஆமா மேடம். தினமும் மிதிப்பேன்."

"தினமும்."

"சந்தைப் பக்கம் போனா அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்கும். ஜனங்க குறுக்க வருவாங்க."

"மத்தவங்க கண்ணெதிர்லயேவா?"

"என் மாமியார் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. அவங்கதான் 'மிதிங்க மாப்ளை, மிதிங்க'ம்பாங்க."

ஆலோசகர் கண்ணை மூடித் திறந்தார். இந்தக் குடும்பத்தை இத்தனை நாளாக யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்களே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "இத்தனை வருஷமா அது பொறுத்துக்கிட்டிருக்கு. இப்ப தாங்க முடியாம உள்ளுக்குள்ளயே ஒடுங்கிப் போயிடுச்சு. உங்களுக்குப் புரியுதா?"

"மெக்கானிக்கும் அதையேதான் சொல்வார்னு நினைக்கிறேன் மேடம்."

"இனிமே கோபம் வந்தா உடனே மிதிக்காதீங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்புறமா மிதிக்கணுமான்னு யோசிங்க."

"பத்து எண்றதுக்குள்ள ஏழெட்டுப் பேர் அடியில போயிடுவாங்களே மேடம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

டிரைவர் பட்டறைக்குப் போனார். பட்டறை அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. உள்ளே போனால் காலில் மசகு ஒட்டாது. அவ்வளவு சுத்தம். தலைமை மெக்கானிக் வெள்ளைச் சட்டை போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டப்பட்டிருந்தன.

அவர் எழுந்து வந்து, முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னார். வலது சக்கரத்தைத் தட்டினார், சுழன்றது. இடது சக்கரத்தைத் தட்டினார், அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பப் பார்த்தார். அது உறுமியது.

"கேலிப்பர்தான்," என்றார். "சக்கரத்தோட சேந்து சுத்துற தட்டை ரெண்டு பக்கமும் கவ்வுற கவ்வி. மிதிச்சா கவ்வணும், விட்டா விடணும். அது முன்னும் பின்னும் நகர்ற பின்னு துரு ஏறி இறுகிப் போச்சு. அதான் விடலை. விடாம உரசி உரசி சூடாகுது. அந்தச் சூட்டுல உள்ள இருக்கிற பிரேக் ஆயில் கொதிக்குது. ஆயிலை எத்தனை வருஷமா மாத்தலையோ, தண்ணி சேந்திருக்கும். சீக்கிரமே கொதிக்கும். கொதிச்சா ஆவி. நீ மிதிக்கிறது ஆவியை. ஆவியை மிதிச்சா எப்படிப் பிடிக்கும்?"

டிரைவருக்கு முதல்முறையாக மனசு லேசாயிற்று. "அப்ப ரெண்டும் ஒரே கோளாறுதானா அண்ணே?"

"ஒண்ணே ஒண்ணுதான். அரை நாள் வேலை."

"அப்ப பண்ணிடலாமே?"

மெக்கானிக் மேசைக்குப் பின்னால் போய் மறுபடி உட்கார்ந்தார். "இவ்வளவு நேரம் நான் சொன்னது கருத்து. ஸ்பானரை எடுத்தா அது நடவடிக்கை. நடவடிக்கைக்கு உத்தரவு வேணும். பிடிக்கலைன்னா பிடித்தப் பிரிவு. விடலைன்னா விடுப்புப் பிரிவு."

"ரெண்டும் ஒரே கோளாறுன்னீங்களே?"

"ஒரே கோளாறுக்குப் பிரிவு கிடையாதுப்பா."

துறை ஆரம்பித்த காலத்தில் பிடித்தப் பிரிவு என்பது பிரேக் பிடிக்காத வண்டிகளுக்காகத்தான் ஏற்பட்டது. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்த கணக்கு அலுவலகத்தார், சம்பளப் பிடித்தம் தொடர்பான எல்லாவற்றையும் அங்கே அனுப்பத் தொடங்கினார்கள். பிரிவு மறுக்கவில்லை. வந்த வேலையைச் செய்தது. நாளடைவில் பிரேக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், சம்பளத்தில் பிடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் தங்கினார்கள்.

"பிடிக்கலை சார்," என்றார் டிரைவர் அங்கே.

அதிகாரி ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். "பிடிக்கலையா? உங்களுக்கா? ஒருத்தரும் இப்படித் தானா வந்து சொன்னதில்லையே!"

"சொல்லாம இருந்தா ஆபத்து சார். நல்லா பிடிக்கணும்."

"எவ்வளவு பிடிக்கலாம்?"

"மிதிச்ச உடனே நிக்கிற அளவுக்குப் பிடிக்கணும் சார்."

அதிகாரி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மாதச் சம்பளம் கைக்கு வந்தபோதுதான் டிரைவருக்குக் குலுக்கலின் பொருள் விளங்கியது. உண்மையிலேயே நன்றாகப் பிடித்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவர் வண்டியை முதல் கியரில், கைபிரேக்கை நம்பி, நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓட்டினார். சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. ஒரு கிழவர் நடந்தே முந்திப் போய், திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். பின்னால் இருந்த முழங்கால்காரர்கள் மேல் அவருக்கு ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது. இறக்கத்துக்கு வரும்போதெல்லாம் மாமியார் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வார். அவர் பயப்படுகிறார் என்பது டிரைவருக்கு அப்படித்தான் தெரியும். வாயால் மட்டும், "இந்த வேகத்துல போனா எனக்கு முட்டி தானா சரியாயிடும் மாப்ளை," என்பார்.

வாரக் கடைசியில் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நீளமான அறை, நீளமான மேசை, மேசையின் அந்தக் கோடியில் தலைவர். டிரைவரை இந்தக் கோடியில் நிறுத்தினார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தலைவருக்கு ஒருவரோடு பேசினாலும் ஒரு கூட்டத்தோடு பேசுகிற குரல்தான் வரும்.

"இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து இங்கே பழுதான வண்டி என்று ஒன்றுகூட இருந்ததில்லை. ஏன் தெரியுமா? பழுது என்ற சொல்லையே நாம் எடுத்துவிட்டோம். நலக்குறைவு என்றுதான் சொல்கிறோம். நலக்குறைவை நாம் திருத்துவதில்லை. மதிக்கிறோம்."

"நீங்க மதிக்கிறீங்க சார். நான்தானே மிதிக்கிறேன்."

"அந்தப் பழக்கம் பற்றி ஆலோசகர் எழுதியிருக்கிறார்." தலைவர் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். "உங்கள் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு புகார். பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று இன்னொரு புகார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்த்தோம். சரியான அளவில் பிடிக்கிறது."

அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று டிரைவருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வார்த்தை அகப்படவில்லை.

"மேலும் பெடல் மெத்தென்று இருப்பதாகக் குறிப்பு வந்திருக்கிறது. முதியோருக்கான வண்டி மெத்தென்று இருப்பதில் இந்தத் துறைக்குப் பெருமைதான். ஒரு பயணியும் இதுவரை எழுத்தில் குறை சொன்னதில்லை. சொல்லும் நிலையில் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை."

"சார், நான் இந்த வண்டியை இனிமே ஓட்ட மாட்டேன்."

தலைவர் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது," என்றார் தலைவர் அன்பாக. "நாளை காலையிலிருந்து காத்து ஓட்டட்டும்."

காத்து என்பது மாற்று ஓட்டுநராக இருந்த ஒரு பயலின் பட்டப்பெயர். கெட்டவன் இல்லை, சிரித்த முகம். ஆனால் நகரத்துச் சந்துகளில் அவன் விட்டுவிட்டு வந்த பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்த்தால் ஒரு முடிதிருத்தும் கடை வைக்கலாம். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டு விசிலடிப்பது அவனுக்கு ஒரு கலை.

காத்து. அந்த இறக்கம். முன் இருக்கையில் தலைப்பைக் கடித்துக்கொண்டு மாமியார்.

வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றார். ஓட்டினாலும் தப்பு, ஓட்டாவிட்டாலும் தப்பு. சாவியைக் குளத்தில் எறியலாம், ஆனால் துறையில் மாற்றுச் சாவி இருந்தது. துறையில் எல்லாவற்றுக்கும் மாற்று இருந்தது, பிரேக்கைத் தவிர. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது. எதிரே விடுப்புப் பிரிவு. போகாத இடம் அது ஒன்றுதான். கால் தானாக உள்ளே போயிற்று.

இந்தப் பிரிவுக்கு நேர்ந்த கதியும் பக்கத்துப் பிரிவுக்கு நேர்ந்ததுதான். விடாத பிரேக்கை விடுவிக்க ஏற்பட்ட பிரிவு. திறந்த அன்றே யாரோ ஒருவர் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டு வந்து நின்றார். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதுவே வேலையாயிற்று. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த பெரியவர் ஒருவர் முத்திரையோடு உட்கார்ந்திருந்தார்.

"விட மாட்டேங்குது சார்," என்றார் டிரைவர். குரலில் உயிர் இல்லை.

"யாரு விட மாட்டேங்கிறாங்க? அதான் நான் இருக்கேனே. யாருக்கு?"

"இடது முன்சக்கரத்துக்கு."

பெரியவர் அதில் வியப்பதற்கு எதையும் காணவில்லை. வாசலில் எழுதியிருந்ததை நம்புகிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். "எந்த வண்டி? ம். சர்வீஸ்ல சேந்து பல வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு நாள்கூட எடுத்ததில்லையே! என்ன காரணம்? சொந்தக் காரணமா, உடம்பா?"

டிரைவர் அவரைப் பார்த்தார். பெரியவர் விளையாடவில்லை. டிரைவரின் மனசுக்குள் ஏதோ ஒன்று கியர் விழுந்த மாதிரி மெல்லப் பல்லில் பல் மாட்டித் திரும்பியது.

"உடம்பு சார்," என்றார். "கொதிக்குது. தொட முடியலை."

"ஐயோ. எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரம் காய்ச்சலோட வேலை வாங்கியிருக்காங்க! இதெல்லாம் அநியாயம்." பெரியவர் ஓங்கி முத்திரை குத்தினார். "மருத்துவ விடுப்பு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. குணமாயிடுச்சுன்னு பட்டறையில சான்று வாங்காம வேலைக்குத் திரும்ப முடியாது. அதே மாதிரி, விடுப்புல இருக்கிற ஊழியரை யாரும் வேலைக்குக் கூப்பிடவும் முடியாது. தலைவரே வந்தாலும் சரி."

"தலைவரே வந்தாலும்?"

"அவரு விடுப்பையும் நான்தானே பாக்குறேன்."

மறுநாள் காலை காத்து சாவியைச் சுழற்றியபடி விசிலடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். வண்டி இடது பக்கம் மரக்கட்டைமேல் ஒருக்களித்து நின்றது. பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் டிரைவர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு சக்கரத்தைக் காணோம்ணே?"

"லீவுல இருக்கு."

"லீவுலயா? எப்ப வரும்?"

"உடம்பு சரியானதும்."

காத்து டிரைவர் நீட்டிய விடுப்பு உத்தரவின் முத்திரையைப் பார்த்தான், மரக்கட்டையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "குடுத்து வச்ச சக்கரம்ணே. நான் போன மாசம் கேட்டேன், குடுக்கலை." வந்த வழியே போய்விட்டான்.

தகவல் மேலே போயிற்று. தலைவர் சட்டப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். வாகனமும் ஓர் ஊழியரே என்று தன் கையாலேயே எழுதிய விதி முதல் பக்கத்தில் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டார்.

டிரைவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். தலைமை மெக்கானிக் மேசைக்குப் பின்னால் இருந்தபடியே உத்தரவை ஒரு தரம் படித்தார். பிறகு இன்னொரு தரம்.

"சக்கரத்துக்குச் சான்று குடுக்கணுமாம்."

"ஆமாண்ணே."

"ஆனா நோவு சக்கரத்துல இல்ல. கேலிப்பர்ல."

"அதுவும் அது குடும்பம்தானேண்ணே."

"குணமாகாம நான் சான்று குடுக்க முடியாது."

"முடியாது."

"அப்ப குணமாக்கணும்." சொன்னது அவராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் யாரோ சொன்னதைக் கேட்ட மாதிரி கொஞ்ச நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அதன் கீல் கிறீச்சிட்டது.

கொட்டகையில் நின்ற வண்டியிலிருந்து கேலிப்பரைக் கழற்றினார்கள். துருவேறிய பின்னைச் சுத்தியால் தட்டித் தட்டி வெளியே எடுக்க வேண்டியிருந்தது. புதுப் பின் போட்டு, மசகு தடவி, தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் போயிருந்த பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். பழைய ஆயில் கருந்தேநீர் நிறத்தில் வடிந்தது. புது ஆயில் ஊற்றிய பிறகு, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிற வேலை. டிரைவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் வண்டியடியில் படுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை அதற்குள் வெள்ளையாக இல்லை.

"மிதி," என்றார் அடியிலிருந்து. "மிதி. மிதி. பிடிச்சுக்க."

டிரைவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே காற்றை விடுகிற திருகுமறை திறந்தது. பெடல் நழுவி இறங்கியது. குமிழிகள் புசுபுசுவென்று வெளியேறின. மறை மூடியது.

"விடு."

விட்டார்.

"மிதி. மிதி. பிடிச்சுக்க. ம், விடு."

இருவருக்கும் நடுவே வேறு பேச்சு இல்லை. இத்தனை நாளாக மாடியிலும் தாழ்வாரத்திலும் கண்டபடி உதைபட்ட மூன்று வார்த்தைகள், இங்கே சொன்ன பொருளுக்கு மேல் ஒன்றையும் குறிக்காமல் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு, கடைசியில் பாதியிலேயே நின்று, அதற்குமேல் போக மாட்டேன் என்றது. டிரைவர் காலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

மெக்கானிக் எழுந்து வந்து இடது சக்கரத்தை மாட்டித் தட்டினார். அது சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

சக்கரம் பணிக்குத் திரும்பிய அன்று துறையிலிருந்து ஒரு குறிப்பும் வந்தது. சக்கரத்துக்குத் தன் பெயரில் விடுப்பு இருப்பு இல்லாததால், அது எடுத்த நாட்கள் ஓட்டுநரின் விடுப்பிலிருந்து கழிக்கப்படுவதாகவும், அடுத்த முறை சக்கரம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காய்ச்சலில் விழ வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. டிரைவர் அதை மடித்து, வண்டியில் ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்தார். விடுப்புப் பிரிவு வாசலில் அப்போது மற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கொரு சக்கரத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்டியரிங்கையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். பெரியவர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வைத்தியசாலையிலிருந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்தார். பக்கத்தில் புடவைத் தலைப்பு பல்லுக்குப் போகவில்லை. என்ன என்று திரும்பிப் பார்த்தார். மாமியார் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார்.

டிரைவர் பிரேக்கை மெதுவாக மிதித்தார். பாதிச் சாலையில், சரிவின் நட்டநடுவில், வண்டி குலுங்காமல் ஓரமாக நின்றது. ஒரு காக்கை பறந்து போனது. பின்னால் யாரோ இருமினார்கள். அவர் காலை எடுக்கவில்லை.

கழுத்துப் பட்டைக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, யாரும் இறங்கலையே. எதுக்கு நிக்கிறோம்?"

"சும்மாதாங்கய்யா," என்றார் டிரைவர் தாழ்ந்த குரலில், மாமியார் விழித்துவிடாதபடி. "நிக்குது. அதான்."